ஓங்கில் வாங்காத சாமை உருண்டை

ரயில் மண்டபத்தோடு நின்றுவிட்ட காலம் அது. அதற்கு அப்பால் போகிறவர்கள் தோணி ஏறித்தான் போக வேண்டும். பாம்பனுக்குத் தெற்கே, படுத்துக் கிடக்கும் எருமை முதுகு மாதிரி ஒரு சின்னத் தீவு. அதன் கிழக்குப் பக்கத்தில் பிறை வளைவாக ஒரு துறை. ஆடி மாதத்துக் கச்சான் காற்று மேற்கே கடலைப் பிய்த்து எறிந்துகொண்டிருக்கும்போதும் அந்த வளைவுக்குள் தண்ணீர் கிண்ணத்து எண்ணெய் போல அசையாமல் கிடக்கும். காற்றுக்குப் பயந்த தோணிகளெல்லாம் அங்கே வந்து ஒதுங்கும். ஓங்கில்களும் வந்து ஒதுங்கும்.

ஓங்கில் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ, கண்ணுகளா. ஆள் நீளம் இருக்கும். மூக்கு நீண்டிருக்கும். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும். நம்மைப் போலவே மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு போகும். அந்தத் துறை ஓங்கில்களுக்கு மனுசர் என்றால் பயமே இல்லை. முதுகைத் தொட்டாலும் ஓடாது. காற்று அடங்கிய நாட்களில் அதைப் பார்ப்பதற்கென்றே பாம்பனிலிருந்து பெண்டு பிள்ளைகளோடு படகு பிடித்து வருகிறவர்கள் உண்டு. வருவார்கள், கைதட்டிச் சிரிப்பார்கள், பொழுது சாய்வதற்குள் திரும்பிப் போய்விடுவார்கள்.

அத்தாயிக்குத்தான் திரும்பிப் போக வழியில்லை.

அவள் கொல்லிமலைக்காரி. வாழவந்தி நாட்டில் சாமைக் காடும் நாலு மிளகுக் கொடியும் வைத்திருந்த சென்றாயனின் பெண்சாதி. இரண்டு வருசமாகச் சாமை பொய்த்தது. கொடிகள் வேரழுகிப் போயின. அந்தச் சமயம் பார்த்துக் காரவள்ளிப் பக்கத்திலிருந்து சாமியப்பன் என்ற கங்காணி மலையேறி வந்தான். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கிறவன். "அங்கயும் மலைதான் கண்ணு, நம்ம மலையாட்டமே. சமவெளி ஆளுக குளிர் தாங்காம சுருண்டு போறாங்க. மலையாளுகதான் வேணுமுன்னு துரை ஒத்தக் கால்ல நிக்கறாரு" என்றான். ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் அவனிடம் வெற்றிலை வாங்கினார்கள். வெற்றிலை வாங்கினால் வாக்குக் கொடுத்தது போல. மலையில் அதற்கு மேல் பத்திரம் கிடையாது. சென்றாயனும் வாங்கினான்.

"ஒரே வருசம். அடுத்த ஆடிக்கு நோம்பி கும்பிட வந்துரலாம்" என்று அத்தாயியிடம் சொன்னான். அந்த ஒரு வருசத்துக்காக, நாலு வயசு மகள் கண்ணாயியை அக்கா பாப்பாயி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள் அவள்.

கண்ணாயிக்கு ஒரு பழக்கம். அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். புறப்பட்ட அன்று விடிவதற்கு முன் அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாகக் காதிலிருந்து விடுவித்துவிட்டு எழுந்து வந்தவள்தான். இப்போது இந்த மணலில் படுத்தால், தன் காதைத் தானே பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

துறையில், கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்லால் சுவர் வைத்து ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. அதில்தான் எல்லோரும் காற்று அடங்கக் காத்திருந்தார்கள். கொட்டகைக்குக் கதவு கிடையாது. முதல் நாள் அதைப் பார்த்து அத்தாயிக்கு ஒரு நிம்மதி. மறுநாள் தீவைச் சுற்றி நடந்து பார்த்தாள். வெயில் ஏறுவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாள். அப்போதுதான் கதவு ஏன் இல்லை என்று புரிந்தது. மலையில் வழி தவறினால் கவலையில்லை. தண்ணீர் ஓடும் பக்கமாக இறங்கிக்கொண்டே போனால் புளியஞ்சோலையோ வேறெதுவோ, ஏதாவதொரு ஊர் வந்தே தீரும். இங்கே எங்கே இறங்குவது? இறங்கினால் கடல்.

"பட்டிக்குப் படல் கூட வெக்கல பாரு, கங்காணி" என்றார் அர்த்தனாரி. கூட வந்தவர்களில் வயசாளி அவர்தான். வாய்த் துடுக்கு அடங்காத மனுசர். "நம்ம ஊரு ஆட்டுக்கு இருக்கற மரியாதை நமக்கு இல்ல."

"ஓடற ஆட்டுக்குத்தான படலு மாமா? நீங்க எங்க ஓடப் போறீங்க" என்று கங்காணி சிரித்தான். சிரிக்கிற ஆள்தான் அவன். எல்லோரையும் கண்ணு, சாமி என்றுதான் கூப்பிடுவான்.

துறையில் கருவாடு போடுகிற சவேரியம்மா என்ற பெண்ணோடு அத்தாயி சிநேகமானாள். ஒருத்தி பேச்சு மற்றவளுக்குப் பாதிதான் புரியும். மீதியைக் கை பேசும். ஒருநாள் காலையில் சவேரியம்மா கூடையோடு தண்ணீருக்குள் இறங்கி, நிறுத்தியிருந்த வள்ளத்தின் பலகையைத் துடுப்பால் டொக் டொக்கென்று தட்டினாள். எங்கிருந்தோ நாலு ஓங்கில் மூச்சுச் சீறி மேலே வந்தன. கன்றுக்குட்டி மாதிரி வந்து அவள் இடுப்பை முட்டின.

அத்தாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தட்டினால் வருகிற மீன்! அவள் ஊரிலும் உண்டே!

வாழவந்தி நாட்டில் அவர்கள் கோயிலுக்கு அடியில் ஒரு மடு இருக்கிறது. கோயில் மணியை அடித்தால் மீன்கள் மேலே வரும். அந்த மீனை யாரும் பிடிப்பதில்லை, தின்பதில்லை. சாமிக்கு முன்னால் அவற்றுக்குத்தான் படையல். கல்யாணமோ, புதுக்காடு திருத்துவதோ, ஊர் விட்டுப் போவதோ, எதுவானாலும் சாமை மாவை உருட்டிக்கொண்டு போய் மடுவில் போட்டுக் கேட்பார்கள். மீன் உருண்டையை வாங்கினால் புறப்படலாம். வாங்காவிட்டால் எடுத்த காலைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்குமேல் கொடுத்த வாக்குக்கூட வாக்கில்லை.

இலங்கைக்குப் புறப்படும்போதும் வீட்டுக்கு ஒரு நாளாகப் போய்க் கேட்டார்கள். அத்தாயி அன்று வீட்டுக்கு விலக்கு. மடுப் பக்கம் போகக் கூடாது. அதனால் பாப்பாயி உருட்டித் தர, சென்றாயன் மட்டும் போனான். திரும்பி வந்து, "வாங்கிருச்சு" என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மலையை விட்டு இறங்கினாள்.

"வருசம் கழிச்சு நாங்க திரும்பி வாரப்பயும் இதுக இங்க இருக்குமா?" என்று ஓங்கிலைக் காட்டிக் கேட்டாள்.

சவேரியம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "வருசத்துலயா? யாரு புள்ள உனக்குச் சொன்னது? நான் இந்தத் துறையில பொறந்து வளந்தவ. போற தோணி நெறஞ்சு போறதப் பாத்துருக்கேன். வார தோணியில தேங்காயும் கொப்பரையும்தான் வரும். ஆளு வந்தா ஒண்ணு ரெண்டு. அதுவும் தல நரைச்சு வரும்."

அத்தாயி தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னையும் அவரையும் உங்க வள்ளத்துல அக்கரைக்கு ஏத்திக்கோங்க தாயி. எம் புள்ள அங்க இருக்குதுங்க."

"ஏத்திருவேன் புள்ள. ஆனா கங்காணி ஆள நான் ஏத்தினா, நாளைக்கு இந்தத் துறையில கருவாடு காயப்போட எனக்கு ஒரு முழம் மணல் கெடைக்காது. அவரு வாயால போன்னு சொல்லட்டும். அந்த நிமிசமே பாயை விரிக்கச் சொல்றேன்."

அவர் வாயால் போ என்று எப்போது சொல்வார்? எலியைப் போ என்று பூனை சொல்கிற அன்றைக்கு.

சென்றாயனைத் தேடிப் போனாள். அவன் தாழைப் புதர் நிழலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, வருசத்துல யாரும் திரும்பறதில்லையாமா. உங்களுக்குத் தெரியுமாங்க?"

அவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம போய் ஒரு வழி பண்ணி, புள்ளையையும் கூட்டிக்கலாம்."

"அவ கடலத் தாண்டி எப்படிங்க வருவா? ஊட்டுக்குப் போயரலாமுங்க."

"வெத்தல வாங்கிட்டேன் அத்தாயி."

"திருப்பிக் குடுத்துருங்க."

"மென்ன வெத்தலையை எங்க புள்ள திருப்பிக் குடுக்கறது? மீனும் வாங்கிருச்சு. அப்பறம் என்ன பேச்சு."

மீனும் வாங்கிருச்சு. கங்காணியின் வெற்றிலை ஒரு முடிச்சு. மீன் வாங்கியது அதன் மேல் போட்ட இன்னொரு முடிச்சு. அதை அவளால் எந்தப் பல்லாலும் அவிழ்க்க முடியாது. மீனிடமேதான் திரும்பக் கேட்க வேண்டும். இங்கேயும் தட்டினால் வருகிற மீன் இருக்கிறதே!

மூட்டையில் அடியிலிருந்த சாமை மாவைத் தட்டி எடுத்தாள். ஊரிலிருந்து கட்டி வந்ததில் மிஞ்சியது அவ்வளவுதான். ஊற்று நீர் தெளித்துப் பிசைந்து நாலு உருண்டை பிடித்தாள். ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மூன்றைக் கையில் எடுத்தாள். அவள் போகிற போக்கைப் பார்த்து ஊர்க்காரர்கள் எல்லோரும் எழுந்து பின்னால் வந்தார்கள். யாரும் கேட்கவில்லை. உருண்டையைப் பார்த்தாலே தெரியாதா!

முழங்கால் தண்ணீரில் நின்று வள்ளத்தைத் தட்டினாள். ஓங்கில்கள் வந்தன. "போறதா, திரும்பறதா? நீங்களே சொல்லுங்க சாமி" என்று சொல்லி முதல் உருண்டையைப் போட்டாள்.

பெரிய ஓங்கில் ஒன்று மூக்கால் அதைத் தொட்டது. அப்படியும் இப்படியும் உருட்டிப் பார்த்தது. விட்டுவிட்டது. உருண்டை மெல்ல அமிழ்ந்து மணலில் போய் உட்கார்ந்தது. இரண்டாவதையும் விட்டது. மூன்றாவதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அர்த்தனாரிக்கே வாய் அடைத்துப்போயிற்று.

கங்காணி கைதட்டிச் சிரித்துக்கொண்டு வந்தான். "ஐயோ கண்ணு, இது சாமை தின்னற சாதியா? இங்க பாரு." சவேரியம்மாவின் கூடையிலிருந்து ஒரு சாளை மீனை எடுத்து வீசினான். ஓங்கில் எம்பிக் கவ்விக்கொண்டது. "பாத்தியா, வாங்கிருச்சு. போலாமுன்னு சொல்லிருச்சு."

"மீனுக்கு மீனைக் குடுத்தா வழி கேக்கறது?" என்றாள் அத்தாயி. அவள் வீட்டில் எந்த மீனும் அடுப்பேறியதில்லை.

"அதானே" என்றார் அர்த்தனாரி, வாய் திரும்பக் கிடைத்து. "பசிச்சவனுக்கு அவன் பங்காளியச் சுட்டுப் போட்டாப்புல."

ஊர்க்காரர்கள் இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாகப் பேசிக்கொண்டார்கள். இது கடல் மீன், இதற்கு நம்ம முறை தெரியாது. நம்ம மடுவில்தான் வாங்கியாயிற்றே என்று கடைசியில் எல்லோருமாக மனதைத் தேற்றிக்கொண்டு கலைந்தார்கள்.

சென்றாயன் மட்டும் கலையவில்லை. தண்ணீருக்கடியில் கரைந்துகொண்டிருந்த உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். மாவு புகை போலப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. அவன் முகத்தில் இருந்தது பயமல்ல. ஏற்கெனவே ஒருமுறை பார்த்ததை மறுபடியும் பார்க்கிறவன் முகம். ஏழு வருசம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா?

"அன்னிக்கும் இப்படித்தானுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான். "முந்தின ராத்திரி மழை. மடுவுல செந்தண்ணி. கை நோக நோக மணி அடிச்சேன். ஒண்ணு கூட மேல வரல. போட்டதெல்லாம் இப்படித்தான்… கரைஞ்சு போச்சு."

"அப்பறம் வாங்கிருச்சுன்னு ஏனுங்க சொன்னீங்க?"

"வாங்கலைன்னா நீ வந்திருப்பியா? ரெண்டு வருசமா கெழங்கத் தோண்டித் தின்னு தின்னு… அந்தக் காட்டைப் பாக்கவே எனக்குப் புடிக்கல அத்தாயி."

அவள் அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. பேச்சென்ன, திட்டக்கூட இல்லை. வாக்கில்லாத வாக்குக்காகப் பிள்ளையின் விரலை விடுவித்துவிட்டு வந்திருக்கிறாள். கத்திச் சொல்லலாம். ஊர்க்காரர் காதில் போட்டால் போதும். ஆனால் மடுவின் பேரில் பொய் சொன்னவனுக்கு மலையில் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஊர்க் கிணற்றில் தண்ணீர் கிடையாது. பந்தியில் இலை கிடையாது. நாட்டார் கூடி மன்னிக்கிற வரைக்கும் நல்லது கெட்டதில் ஆள் கிடையாது. புருசனை அந்தக் குழியில் தள்ளித்தான் பிள்ளையிடம் போக வேண்டுமா? வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். கடல் ஒரு பக்கம் சுவர், இவன் பொய் ஒரு பக்கம் சுவர். நடுவில் அவள்.

மறுநாள் காலை காற்று விழுந்துவிட்டது. தோணிக்காரர்கள் பாய்மரத்தில் கயிறு பூட்டினார்கள்.

"ஏறுங்க சாமி, ஏறுங்க. உச்சிக்குள்ள நடுக்கடலு போயறோணும்" என்று கங்காணி அவசரப்படுத்தினான். ஒவ்வொருவராகத் தண்ணீரில் நடந்து போய் ஏறினார்கள். கண்ணாடி போல் தெளிந்த தண்ணீரில் ஓங்கில்கள் அவர்கள் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வந்தன. விளையாட்டுக் காட்டின. அதுகளுக்கு என்ன தெரியும், பாவம். வந்தவர்களெல்லாம் தங்களைப் பார்க்க வந்தவர்கள் என்றுதான் நினைத்திருக்கும்.

சென்றாயன் முன்னால் போய்த் தோணியில் ஏறி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அத்தாயிக்குக் கை கொடுக்கத் திரும்பினான். அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். கை அவன் பக்கம் நீளவில்லை. தன் காது மடலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

அவன் பார்த்தான். யார் பிடிக்கிற காது அது என்று அவனுக்குத் தெரியாதா? எத்தனை ராத்திரி, தூங்கின பிறகு அந்த விரலை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டவன்!

நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

"அர்த்தனாரி மாமா" என்று கூப்பிட்டான். "நம்ம மடுவு மீனு என் உருண்டைய வாங்கல. நான் பொய் சொல்லிப்போட்டேன்."

தோணிக்குள் இருந்தவர்கள் அப்படியே எழுந்து நின்றார்கள். தோணி ஆடியது.

"என்னப்பா சொல்றே?"

"வாங்கல மாமா. ஒண்ணு கூட."

முதலில் மாதம்மாள் இறங்கினாள். அர்த்தனாரியின் பெண்சாதி, பார்த்துப் பார்த்துப் பேசுகிறவள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரில் குதித்துவிட்டாள். பின்னாலேயே எல்லோரும் பொலபொலவென்று இறங்கிக் கரையேறினார்கள்.

தோணியருகே தண்ணீரில் நின்ற கங்காணிக்குச் சிரிப்பு போய்விட்டது. "ஏனுங்க மாமா, மீனு தின்னா என்ன, திங்காட்டி என்ன? பைத்தியமா உங்களுக்கு? ஏறுங்க!"

அர்த்தனாரி சாவகாசமாக வேட்டியைப் பிழிந்தார். "கங்காணி, மடுவுல ஒரு முழக் கரை. பொல்லாப்பு வந்தா வெளிய ஏறிக்கலாம். இது கடலுங்க. கண்ணுக்கு எட்டின மட்டும் அடியில பூரா மீனு. மீனு வேண்டாமுன்னு சொன்னவன அதுக தலமேலயே ஏத்திக்கிட்டுப் போறதுக்கு எங்களால ஆகாது. இவன் வந்தா நாங்க ஏற மாட்டோம்."

கங்காணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். கீழே குனிந்தான். அவன் காலடியில் ஒரு ஓங்கில் வந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரித்த முகத்தோடு. சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவன் மட்டும் எந்த ஊர்? காரவள்ளிக்காரன்தானே. அடிவாரத்து ஜனம் முழுக்க ஆடியில் மலையேறி அதே மடுவுக்கு மாவு உருட்டிப் போடுகிறது. இவன் அம்மா இவனைச் சுமந்தபோது போட்ட உருண்டையையும் அந்த மீன்தானே வாங்கியது.

"எறங்கு" என்றான் சென்றாயனைப் பார்த்து. கண்ணும் சாமியும் காணாமல் போயிருந்தது. "எறங்குடா! உன்னால எல்லாரும் முழுகறதா? போ. உம் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு என் கண் முன்னால நிக்காமப் போ!"

கரையில் கருவாடு கிளறிக்கொண்டிருந்த சவேரியம்மா தலையை நிமிர்த்தினாள். "கேட்டுச்சா புள்ள? அவரு வாயாலயே சொல்லிட்டாரு" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி.

மற்றவர்கள் மறுபடியும் ஏறினார்கள். ஏறத்தானே வேண்டும். அர்த்தனாரி கடைசி ஆளாகப் போனார். அத்தாயியைத் தாண்டும்போது நின்றார்.

"மடுவுல எங்க உருண்டைய மூணையும் வாங்கிருச்சே கண்ணு" என்றார். அந்த வாய்த்துடுக்குக்காரர் குரலில் அப்படி ஒரு ஏக்கத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. "ஒண்ணையாச்சும் விட்டிருக்கக் கூடாதா?"

அத்தாயி குனிந்து அவர் காலைத் தொட்டாள். வேறென்ன செய்வாள்?

கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே இருவரும் உட்கார, சவேரியம்மாவின் வள்ளம் மண்டபக் கரையைப் பார்த்துத் திரும்பியது. பெரிய தோணி கிழக்கே போயிற்று. ஓங்கில்கள் கொஞ்ச தூரம் அதோடு போயின. பிறகு என்ன நினைத்தனவோ, திரும்பி இந்த வள்ளத்தோடு வந்தன.

சென்றாயன் தலை குனிந்தபடி இருந்தான். மலையேறியதும் நாட்டார் முன்னால் போய் நிற்க வேண்டும். காடு பொய்த்த காடாகத்தான் கிடக்கும். கிழங்கைத்தான் தோண்ட வேண்டும். அதெல்லாம் அவன் முதுகிலேயே எழுதியிருந்தது.

அத்தாயி மடியைத் துழாவி, மிச்சமிருந்த ஒரு உருண்டையை எடுத்தாள். நேற்றையது. காய்ந்து கல்லாகியிருந்தது.

"போட்டுக் கேக்கறியா?" என்றான் அவன், பயந்த குரலில்.

நேற்றிலிருந்து அவள் அவனோடு பேசிய முதல் பேச்சு இதுதான்:

"எம் புள்ளகிட்டப் போறதுக்கு எவன்கிட்டங்க கேக்கோணும்?"

உருண்டையை வள்ளத்தின் விளிம்பில் தட்டி இரண்டாக உடைத்தாள். பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். ஒரே உப்பு. மணல் வேறு நறநறத்தது. மற்றப் பாதியைக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அவன் பக்கம் பார்க்காமலே நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான்.